பரவாயில்லை வகுப்பு

பேப்பர் மேல கொஞ்சம் டீயை ஊத்துங்க என்று அந்தப் பெண் சொன்னாள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். நான் டம்ளரைக் கையில் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல தாள். கனமான தாள். விரலால் தடவினால் கோராத் துணி மாதிரி ஒரு சொரசொரப்பு. இதில் போய் எதற்குக் கறை. அந்தப் பெண்ணுக்கு ஆதிரை என்று பேர், அவள்தான் வகுப்பு நடத்துகிறவள், என் மகள் பிருந்தாவைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். முன்னால் கட்டியிருந்த துணியில் இல்லாத நிறமில்லை, அதை ஒருநாளும் துவைத்திருக்க மாட்டாள். என் பின்னால் வந்து நின்று, ஊத்துங்கம்மா, கெட்டுப்போன தாளை அதுக்கு மேல கெடுக்க முடியாது, அப்புறம் பயமே இருக்காது என்றாள். யார் சொன்னது கெடுக்க முடியாதென்று. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். எண்ணெய்க் கறை பட்ட பீஸைக் கறை எடுக்க அனுப்பினால் கறை போகும், கறை இருந்த இடம் வெளுத்துத் திரும்பி வரும். வெளுத்ததை மறைக்கப் போனால் துணி இற்றுப்போகும். கெட்டது மேலும் மேலும் கெட்டுக்கொண்டே போகும், அதற்கு அடி கிடையாது. எதிரில் பிருந்தா தன் தாளில் டீயை ஊற்றிவிட்டு, அது ஓடுவதைத் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஊற்றினேன். ஓரமாக, ஒரு சொட்டு.

இதற்காகத்தான் திருப்பூரிலிருந்து காலை பஸ் பிடித்து கோயமுத்தூர் வந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை என்கூட வாங்கம்மா என்று பிருந்தா போனில் கேட்டாள். என்ன வகுப்பு என்றதற்கு, சும்மா படம் வரையறதுதான், தப்பு வந்தா பரவாயில்லைன்னு பழகறதுக்கு என்றாள். அவளுக்குத்தான் தேவை என்று நினைத்தேன். பேங்க்கில் நல்ல வேலை, ஆனால் ராத்திரி தூக்கமில்லை, பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறாள், அலுவலகத்துக்கு நாலு வரி எழுத அரை நாள் எடுத்துக்கொள்கிறாள் என்று மாப்பிள்ளை கௌதம் ஒருதரம் சொன்னார். சரி, துணைக்குப் போவோம் என்று வந்தேன். சாயிபாபா காலனியில் ஒரு பழைய வீட்டின் மாடி. படியேறும்போதே பார்த்தேன், கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்தவன் சுவரிலும் இழுத்துவிட்டிருக்கிறான். உள்ளே நாற்காலிகள் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்களாம். வந்தவர்களெல்லாம் படித்தவர்கள், நல்ல துணி உடுத்தியவர்கள். வாழ்க்கையில் எதுவும் தப்பாகிப்போகாதவர்களுக்குத்தான் தப்பு ஒரு விளையாட்டு. எனக்கு வலப்பக்கம் மெர்சி என்று ஒரு பல் டாக்டர். நீங்க பல்லு கட்டும்போதும் இப்படித்தான் பரவாயில்லைன்னு விடுவீங்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பிருந்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஆதிரை எல்லோரையும் எழுந்து நிற்க வைத்து, கையை உதறிக்கொண்டு, பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லச் சொன்னாள். முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. கோயிலில் அரோகரா போடுகிற மாதிரி எல்லோரும் சொன்னார்கள். என் வாய் திறக்கவில்லை. அந்த வார்த்தையை என் வீட்டில் ஒருவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து, என் வீட்டுக்காரர். நல்ல மனுஷன், எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும், அப்படிப்பட்டவர்களை எல்லோருக்கும் பிடிக்கும்தான். சட்டையில் பட்டன் போனால் பரவாயில்லை, ஓட்டில் ஒழுகினால் பரவாயில்லை, ஒரு பாத்திரத்தை வைத்தால் போச்சு. கிரைண்டர் வயர் விட்டுப்போயிருக்கிறது, ஆளைக் கூப்பிடுங்க என்றேன். டேப்பைச் சுற்றிவிட்டு, பரவாயில்ல அம்சா, இப்போதைக்கு ஓடும் என்றார். ஓடியது. ஐப்பசி மழையில் தரையெல்லாம் ஓதம் ஏறியிருந்த ஒரு காலையில் ஈரக் கையோடு அதை இழுத்து வைக்கப் போனார். நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதா என்று எல்லோரும் கேட்டார்கள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. மாவு மட்டும் தரையில் வழிந்து, அவர் கன்னத்தடியில் போய்த் தேங்கியிருந்தது. பிருந்தாவுக்கு அப்போது பேச்சுகூடத் திருந்தவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி, விதி, யாரு என்ன பண்ண முடியும் என்றாள். விதியில்லை, டேப்பு. கறுப்பு டேப்பு, சரியாகச் சுற்றாமல் விட்டது, ஒரு விரல் நீளம். நான் இன்னொருதரம் சொல்லியிருந்தால். நான் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டிருந்தால். அதையே எத்தனை தரம் நினைத்தாலும் அந்த இடத்தில் வந்து நூல் சிக்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு என் வீட்டில் அந்த வார்த்தை கிடையாது. இங்கே படித்த ஜனங்கள் அதைக் கையை உதறி உதறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிருந்தா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். குரலில் அவள் அப்பா இருந்தார்.

இடது கையால் ஒருவரை ஒருவர் வரையச் சொன்னபோது நானும் பிருந்தாவும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மகளின் முகத்தை இப்படி உட்கார்ந்து பார்த்து எவ்வளவு காலமாயிற்று. கண்ணுக்குக் கீழே கருப்புத் தட்டியிருந்தது. இடது காதுத் தோடு திருகு தளர்ந்து தொங்கியது. புருவத்தில் ஒரு முடி தனியாக நின்றது. இப்படித்தான் என் கண் போகும், நான் போகச் சொல்வதில்லை. செக்கிங்கில் ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் கழுத்து, தோள், கை, பக்கவாட்டுத் தையல் என்று கண் தானாகவே போய்விடும், தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டே இருப்போம். சட்டை நன்றாக இருக்கிறதா என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை. நன்றாக இருப்பதற்கு ஸ்டிக்கர் இல்லை. கண் கூசும் அந்த ட்யூப்லைட் வெளிச்சத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் கண்ணைக் கழற்றியா வைக்க முடியும். பிள்ளை நோட்டைக் காட்டுவாள், கோடு தாண்டிய எழுத்துதான் தெரியும். கோலம் போட்டுவிட்டு வாங்கம்மா என்று கூப்பிடுவாள், விட்டுப்போன புள்ளிதான் தெரியும். பள்ளிக்கூடம் போகுமுன் தலை வாரிவிடுவேன், வகிடு நேராக வரும்வரை பிரித்துப் பிரித்து வாருவேன், பஸ் போனாலும் சரி. அசையமாட்டாள். மூச்சுகூட மெதுவாகத்தான் விடுவாள். எவ்வளவு பொறுமையான பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும். புருஷன் இல்லாத வீட்டுப் பிள்ளை என்றால் ஊர் எதைத் தேடும் என்று எனக்குத் தெரியும், அவர்களும் செக்கிங்தான், சம்பளமில்லாத செக்கிங். ஒரு இடத்தில்கூட அவர்கள் ஸ்டிக்கர் ஒட்ட நான் விடவில்லை. என் இடது கை வரைந்த முகத்தில் வகிடு கோணிப்போய் நெற்றிவரை வந்துவிட்டது, அதற்கு மேல் வரைய முடியவில்லை. பிருந்தா தன் தாளைத் திருப்பிக் காட்டவில்லை. காட்டு என்றேன். இன்னும் முடியலைங்கம்மா என்றாள்.

அப்புறம் ஆதிரை எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டாள். நீங்க ஏதாவது செய்யும்போது இது சரியில்லை, இது சரியில்லைன்னு உள்ள ஒரு குரல் சொல்லுமே, அது யாரோட குரல். இந்த இடத்துக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தர் ஹெட்மாஸ்டர் என்றார். ஒரு பெண் மாமியார் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல் டாக்டர், எங்கப்பா என்று சொல்லும்போது குரல் உடைந்தது, பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பெற்றவர்கள் ஒவ்வொருவராக அந்த வட்டத்துக்குள் வந்து குற்றவாளி மாதிரி நின்றார்கள், அவர்களுக்காகப் பேச யாரும் இல்லை. நான் ஒருத்திதான் நேரில் வந்திருக்கிறேன் என்று தோன்றியது. பிருந்தாவின் முறை வருவதற்குள் சேலைத் தலைப்பை எத்தனை தரம் மடித்துப் பிரித்தேனோ. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் குறிப்பா யாருன்னு இல்லீங்க, பொதுவா என்றாள். பொதுவா. என்னை விட்டுவிட்டாள். எனக்கு ஆறுதலாக இருந்தது, பிறகு அந்த ஆறுதலே கசந்தது. ஹெட்மாஸ்டரைக் காட்டிக்கொடுக்க முடிகிறவர்களுக்கு அவர்மேல் பயம் போய்விட்டது என்று அர்த்தம். உங்களுக்கும்மா என்று ஆதிரை கேட்டாள். எனக்கு அப்படிக் குரல் எதுவும் கேக்கறதில்லீங்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், கொடுத்துவைத்தவர் நீங்க என்றார் அந்த ஹெட்மாஸ்டர்காரர். பிருந்தா சிரிக்கவில்லை.

கடைசியாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு வரைய வேண்டும் என்றாள் ஆதிரை. கட்டிய கண்ணோடு கிரேயானைத் தாளிலிருந்து எடுக்காமல் ஓட்டிக்கொண்டே, வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்ல வேண்டும். கேட்கிறவர் பதில் சொல்லக் கூடாது. எனக்கு ஜோடி சேரவில்லை. நீங்க உங்களுக்குள்ளேயே பேசிக்கங்கம்மா என்று என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கறுப்புத் துணியைக் கட்டினாள். இருட்டானது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ செருமினார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தாள் எங்கே முடிகிறது, மேஜை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இடது கையால் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையை ஓட்டினேன். எனக்குள் என்ன பேசுவது. டேப்பைப் பற்றியா. அதை யாரிடமும் சொன்னதில்லைதான், நான் இன்னொருதரம் சொல்லியிருந்தால் என்பதை. சொல்லலாமா என்று உதட்டை அசைத்தபோதுதான் கேட்டது. கைக்கெட்டும் தூரத்தில், எனக்குப் பின்னால், பிருந்தாவின் குரல். பல் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குக் குழந்தை இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். வராமப் போகலீங்க. நான்தான் வேண்டாம்னேன். ஒரு குழந்தை என் மடியில உக்காந்திருக்கற மாதிரி அடிக்கடி நெனச்சுப் பாப்பேன். உடனே என் கை அதோட தலைமுடியச் சரி பண்ணப் போயிரும். அதுக்கு மேல என்னால நெனக்க முடியறதில்ல."

அவள் கிரேயான் தாளில் ஒரு சுற்று தேய்ந்தது. பிறகு, "எங்கம்மா கெட்டவங்க இல்லீங்க. நான் அப்படியே அவங்கதான். அதான் பயம். கௌதம்தான் பாவம், கொறை அவர்கிட்டன்னு அம்மா நெனச்சுட்டு இருக்காங்க, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டார்" என்றாள்.

கட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். கை போகவில்லை. வலது கை பாட்டுக்குத் தாளில் ஓடிக்கொண்டே இருந்தது, சுற்றிச் சுற்றி, கிரேயான் உடைந்ததும் உடைந்த துண்டோடு ஓடியது. நான்தான் வேண்டாம்னேன். பேரப்பிள்ளை வேண்டிப் பச்சைமலைக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போனேனே, முழங்கால் வலியோடு படியேறி. நான்தான் வேண்டாம்னேன். யாரோ சொன்ன நாட்டு மருந்தை வாங்கிக் கொடுத்தேன், சாப்பிட்டியா கண்ணு என்று போனில் கேட்டால், சாப்பிட்டேங்கம்மா என்பாள். எங்கே கொட்டினாளோ. மாப்பிள்ளையை நினைத்தபோது காது சுட்டது. வீட்டுக்கு வந்தால் அவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பேன், ஆனால் முகத்தைப் பார்த்துக் கொடுக்கமாட்டேன். போன தீபாவளிக்கு அவர் இருக்கும்போதே, அந்தக் காலத்து ஆம்பளைங்க என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் எதையோ ஆரம்பித்து, போதுமான அளவுக்குச் சொல்லி நிறுத்தினேன். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அவர்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன், கெட்ட பீஸ் நம்முடையதில்லை என்று. ஒரு மிஷினில் ஊசி பழுதானால் அது தைக்கிற ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் ஓட்டை விழும். பீஸைத் திருத்திப் புண்ணியமில்லை, மிஷினை நிறுத்து என்று நான்தான் கத்துவேன். நிறுத்திவிட்டாள். என்னிலிருந்து தனக்கு வந்தது இன்னொன்றுக்குப் போகக்கூடாது என்று நிறுத்திவிட்டாள். அதையும் பல் பிடுங்குகிறவளிடம் சொல்கிறாள். பெற்றவளிடம் சொல்வதற்கென்ன. சொன்னால் நான் என்ன செய்திருப்பேன். அது தெரிந்துதானே சொல்லவில்லை. அப்படி என்ன செய்துவிட்டேன் நான், அடித்தேனா, பட்டினி போட்டேனா, சூடு வைத்தேனா. பக்கத்து லைன் வீட்டில் குடித்துவிட்டுப் பிள்ளைகளைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தவனுக்கெல்லாம் இன்றைக்கு மூன்று பேரன். அந்தப் பிள்ளைகளுக்குப் பயமில்லை. வகிட்டை நேராக எடுத்தவளுக்கு இது. ஓட்டை இல்லாமல் வளர்த்தேன். ஓட்டை இல்லாததால் உள்ளே காற்றே போகவில்லை போல. துணிக்கடியில் கண் நனைந்தது, கறுப்புத் துணி, கறை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுகூட அதைத்தான் நினைத்தேன்.

கட்டை அவிழ்த்ததும் வெளிச்சம் கூசியது. திரும்பிப் பார்த்தேன், பிருந்தா அறையின் மறுகோடியில் யாரிடமோ பென்சிலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம், நான் கேட்டதெல்லாம் என் மனசு தானாக இட்டுக்கட்டியதாக இருக்கக்கூடாதா என்று ஆசைப்பட்டேன். ஆதிரை என் தாளை எடுத்துத் தூக்கிப் பிடித்து, எல்லாரும் இங்க பாருங்க என்றாள். சிவப்பு கிரேயான் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் தாள் கிழிந்து, கோடுகள் மேஜைமேலும் போயிருந்தன. காலையில ஒரு சொட்டு டீ ஊத்தப் பயந்தவங்க, இப்பப் பாருங்க, எவ்வளவு சுதந்திரம், இதுதான் நான் சொன்னது என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் என்னைப் பார்த்துக் கைதட்டினாள், பிருந்தாவின் அம்மா என்று தெரிந்துதான் தட்டினாளா, அவள் பார்வையில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. நன்றிங்க என்றேன். ஆதிரை தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு, வீட்டுல மாட்டி வைங்கம்மா என்று கொடுத்தாள். எங்கே மாட்டுவது, நாச்சிமுத்து போட்டோவுக்குப் பக்கத்திலா.

கை கழுவப் பின்பக்கம் நீளமாக ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். மற்றவர்கள் கழுவிவிட்டுப் போய்விட்டார்கள், முன்னறையில் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிற சிரிப்புச் சத்தம் கேட்டது. பிருந்தா குழாயைத் திறந்துவிட்டு நகத்துக்குள் போன நீல நிறத்தை இன்னொரு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, சிவப்பு அப்பிய கையை நானும் தண்ணீரில் நீட்டினேன். பேசாமல் இருந்துவிடலாம். பஸ் ஏறி ஊருக்குப் போய், வழக்கம்போல் வியாழக்கிழமை போன் பண்ணி, மருந்து சாப்பிட்டியா என்று கேட்கலாம், சாப்பிட்டேங்கம்மா என்பாள், இரண்டு பேரும் சாகும்வரை இப்படியே ஓட்டிவிடலாம். இப்போதைக்கு ஓடும். அது என்னால் முடியாது, தெரிந்த தப்பை மடித்து உள்ளே வைத்து அனுப்ப என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

"நீ பேசினது எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "தெரியுங்கம்மா" என்றாள். "உங்க பின்னாடி நாற்காலியப் போட்டுட்டுத்தான் கண்ணக் கட்டிக்கிட்டேன். இந்த வகுப்புக்கு நான் முன்னயே ஒருதரம் வந்திருக்கேன், கடைசில இப்படி வரும்னு தெரியும். நீங்க பாத்துட்டு இருந்தா என்னால சொல்ல முடியாதுங்கம்மா. அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

ஒரு பிசிறு இல்லை. எப்போது போன் பண்ணுவது, என்ன சொல்லி வரவழைப்பது, யாரோடு ஜோடி சேர்வது, எங்கே உட்கார்வது, எவ்வளவு சத்தமாகப் பேசுவது, எல்லாம் ஒன்று தப்பாமல் யோசித்து வைத்திருக்கிறாள். நானாக இருந்தாலும் இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்க்காமல், தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, தோளை ஒடுக்கி, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு காத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லவேண்டிய இடம் இது. இதற்காகத்தான் இவ்வளவும் செய்திருக்கிறாள். எத்தனையோ வார்த்தைகள் நெஞ்சுக்குழிவரை வந்தன, கண்ணு என்பது வந்தது, மாப்பிள்ளைகிட்ட நான் பேசறேன் என்பது வந்தது, உங்கப்பா இருந்திருந்தா என்பதுகூட வந்தது. ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் இடம் சரியில்லாமல் இருந்தது. நீலமும் சிவப்புமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"தண்ணி வீணாப் போகுது பாரு, குழாயை மூடு" என்றேன்.

மூடினாள். ஒரு சொட்டுகூட அதற்குப் பிறகு விழவில்லை.